அதிபர் தேர்தலில் ஒருவர் வெல்வதும் தோற்பதும் எதனால்? எதிர் வாக்குகள் போன இடத்தைத் தேடும் ஒரு விவாதம்

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம்.

அதிபர் தேர்தல் ஒன்று முடிந்த மறுநாளே வெற்றிக்கும் தோல்விக்கும் விளக்கங்கள் குவிந்துவிடுகின்றன. வென்றவர் மக்களின் நாடித் துடிப்பை அறிந்தவர், தோற்றவர் மக்களிடமிருந்து விலகிப் போனவர் என்று எழுதுகிறார்கள். இவை எல்லாம் முடிவு தெரிந்த பின் எழுதப்படுபவை என்பதே இவற்றின் பெரிய குறை. சில ஆயிரம் வாக்குகள் இடம் மாறியிருந்தால், உறுதி என்று போற்றப்பட்ட குணம் பிடிவாதம் என்றும், நிதானம் என்று பாராட்டப்பட்டது தயக்கம் என்றும் அதே கட்டுரையாளர்களால் எழுதப்பட்டிருக்கும்.

என் கருத்தை நேராகவே வைக்கிறேன். ஒருவர் ஏன் வென்றார் என்று கேட்பதைக் காட்டிலும், அவரை விரும்பாதவர்களின் வாக்குகள் எங்கே போயின என்று கேட்டால் விடை பெரும்பாலும் கிடைத்துவிடும். அந்த வாக்குகள் ஓரிடத்தில் சேர்ந்தனவா, இரண்டு மூன்றாகப் பிரிந்தனவா, வாக்குச்சாவடிக்கே வராமல் நின்றுவிட்டனவா என்பதைப் பார்க்க வேண்டும்.

இலங்கையின் இரு தேர்தல்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2010ஆம் ஆண்டு மகிந்த ராஜபக்ச ஏறத்தாழ 60 லட்சத்து 16 ஆயிரம் வாக்குகள் பெற்று 57.88 விழுக்காட்டுடன் வென்றார். 2015ஆம் ஆண்டு அவர் பெற்றவை 57 லட்சத்து 68 ஆயிரம் வாக்குகள், அது 47.58 விழுக்காடாகச் சுருங்கித் தோல்வியில் முடிந்தது. அதாவது ஐந்து ஆண்டுகளில் அவர் இழந்தது இரண்டரை லட்சத்துக்கும் சற்றுக் குறைவான வாக்குகளே. எதிர்த்தரப்போ 2010இல் சரத் பொன்சேகாவுக்குக் கிடைத்த 41 லட்சத்து 73 ஆயிரத்திலிருந்து, 2015இல் மைத்திரிபால சிறிசேனவுக்குக் கிடைத்த 62 லட்சத்து 17 ஆயிரத்துக்கு உயர்ந்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இந்த ஏற்றத்தைத் தோற்றவரின் குணக்கேட்டை மட்டும் கொண்டு விளக்க முடியாது. அவருடைய ஆதரவாளர்களில் மிகப் பெரும்பாலோர் அவருடனேயே இருந்தார்கள். முன்பு வராதவர்களும் புதிதாகப் பட்டியலில் சேர்ந்தவர்களும் எதிர்ப்பக்கம் ஒரே பெயரின் கீழ் திரண்டார்கள்.

இன்னொரு சான்று தென் கொரியாவின் கிம் டே ஜுங். அவர் 1971, 1987, 1992 ஆகிய மூன்று அதிபர் தேர்தல்களில் தோற்று, 1997இல் வென்றார். 1987இல் மக்கள் போராட்டத்தின் விளைவாக நேரடித் தேர்தல் மீண்டு வந்தபோது, ஜனநாயகத்துக்காகப் போராடிய இரு கிம்களும் தனித்தனியே நின்றார்கள். கிம் யங் சாம் 28 விழுக்காடும் கிம் டே ஜுங் 27 விழுக்காடும் பெற, ராணுவ ஆட்சியின் வாரிசாக நின்ற ரோ டே வூ 36.6 விழுக்காட்டுடன் பதவிக்கு வந்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின் பிளவு எதிர்ப்பக்கத்தில் நிகழ்ந்தது. ஆளுங்கட்சியிலிருந்து பிரிந்து சென்ற ரீ இன் ஜே 19.2 விழுக்காட்டை எடுத்துக்கொள்ள, கிம் டே ஜுங் 40.3க்கு 38.7 என்ற கணக்கில் வென்றார். 1987இல் தோற்றவரும் 1997இல் வென்றவரும் ஒரே மனிதர்தாம்.

நண்பர்கள் தங்கள் கருத்துகளைச் சான்றுகளோடு எழுத வேண்டுகிறேன்.

---

கணக்காயர்

நெய்தல் அவர்களுக்கு வணக்கம். தாங்கள் எடுத்துக்காட்டிய 1997ஆம் ஆண்டின் கொரியத் தேர்தலில் ஒரு பெரிய செய்தி விடுபட்டிருக்கிறது. அந்நாடு சர்வதேச நாணய நிதியத்திடம் கடனுதவிக்கு உடன்பட்டது டிசம்பர் 3ஆம் நாள். வாக்குப்பதிவு டிசம்பர் 18ஆம் நாள். நாட்டின் நிதிநிலை நொறுங்கிய இரண்டே வாரங்களில் நடந்த தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றதற்கு வாக்குப் பிளவை மட்டும் காரணமாகச் சொல்வது முழுமையாகாது. அந்த நெருக்கடி இல்லாவிட்டால் ஒன்றரை விழுக்காட்டு வித்தியாசம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆட்சியில் இருப்பவர் தோற்ற தேர்தல்களை எடுத்து வைத்தால் பொருளாதாரத்தின் கை பல இடங்களில் தெரிகிறது. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டு பணவீக்கம் சராசரியாக 13.5 விழுக்காடாக இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று ரொனால்ட் ரீகன் தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு நடந்த விவாதத்தில் கேட்டார். ஜிம்மி கார்ட்டர் 50 மாநிலங்களில் ஆறில் மட்டுமே வென்றார். அவ்வாண்டு சுயேச்சையாக நின்ற ஜான் ஆண்டர்சன் 6.6 விழுக்காடு பெற்றிருந்தார். அந்த வாக்குகள் முழுவதையும் கார்ட்டருக்குச் சேர்த்தாலும் ரீகன் ஐம்பது விழுக்காட்டைக் கடந்தே நிற்கிறார். வாக்குகள் எங்கே போயின என்ற கேள்வி அங்கே உதவாது; வாக்காளர்கள் ஏன் மனம் மாறினார்கள் என்ற கேள்வியே உதவும்.

வளைகுடாப் போர் முடிந்த 1991ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூத்த ஜார்ஜ் புஷ்ஷின் செயல்பாட்டை ஏற்பதாகக் கருத்துக்கணிப்பில் 89 விழுக்காட்டினர் கூறினார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் அவருக்கு வாக்களித்தவர்கள் 37.4 விழுக்காட்டினர். இரண்டு ஆண்டுக்குள் ஒரு மனிதரின் ஆளுமை அவ்வளவு மாறிவிடாது. மாறியது வேலைவாய்ப்பும் வருமானமும் குறித்த மக்களின் கவலை.

---

செங்காந்தள்

இருவரும் வேட்பாளரை விவாதத்திலிருந்தே நீக்கிவிட்டீர்கள் என்பது எனக்கு வருத்தமளிக்கிறது. ஒரே மனிதர் பலமுறை தோற்றுப் பிறகு வென்றார் என்றால், அவர் மாறவே இல்லை என்று பொருளாகுமா?

பிரேசிலின் லூலாவைப் பாருங்கள். 1989, 1994, 1998 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தோற்றார். 2002இல் நான்காம் முறை நின்றபோது, ஜவுளித் தொழிலதிபரான ஜோசே அலென்காரைத் துணை அதிபர் வேட்பாளராகச் சேர்த்துக்கொண்டார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் நாட்டின் கடன் ஒப்பந்தங்களை மதிப்போம் என்று மக்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். தொழிற்சங்கத் தலைவரைக் கண்டு அஞ்சிய நடுத்தர வகுப்பினர் அந்தக் கடிதத்துக்குப் பின் அவரை வேறு கண்ணோடு பார்த்தார்கள். இரண்டாம் சுற்றில் 61 விழுக்காட்டுக்கு மேல் பெற்றார். இருபது ஆண்டுகள் கழித்து 2022இல் அவர் செய்தது இன்னும் வியப்புக்குரியது: 2006ஆம் ஆண்டின் இரண்டாம் சுற்றில் தன்னை எதிர்த்து நின்ற ஜெரால்டோ அல்க்மினையே துணை அதிபர் வேட்பாளராக ஏற்றார். அந்தத் தேர்தலில் அவர் வென்றது 50.9க்கு 49.1 என்ற கணக்கில். இவ்வளவு நெருக்கமான போட்டியில் அந்த ஓர் உடன்பாடு எத்தனை தயங்கிய வாக்காளர்களை இழுத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பழைய எதிரியோடு மேடை ஏறுவது என்ற அந்த முடிவைப் பொருளாதாரம் எடுக்கவில்லை, தேர்தல் விதிகளும் எடுக்கவில்லை. ஒரு மனிதர் எடுத்தார்.

---

வடலி

நெய்தல் ஐயா இலங்கையைத் தொட்டிருப்பதால் 2005ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தலைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. வாக்குகள் பிரிவதையும் சேர்வதையும் விடக் கூர்மையான மூன்றாவது நிலை ஒன்று அங்கே நிகழ்ந்தது.

மகிந்த ராஜபக்ச 50.29 விழுக்காடும் ரணில் விக்கிரமசிங்க 48.43 விழுக்காடும் பெற்றார்கள். வித்தியாசம் 1 லட்சத்து 80 ஆயிரத்து 786 வாக்குகள். அதே தேர்தலில், ஏழு லட்சம் பேர் வாக்காளர்களாகப் பதிவு செய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிப்பு 1.21 விழுக்காடு. விடுதலைப் புலிகளின் செல்வாக்கின் கீழ் அமைந்த பகிஷ்கரிப்பினால், நூறு பேரில் ஒருவர் சொச்சம் மட்டுமே வாக்களிப்பு நிலையத்துக்குச் சென்றார். போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் என்ற வகையில் ரணிலுக்கே அந்த வாக்குகளில் பெரும்பகுதி கிடைத்திருக்கும் என்பது அன்று எல்லாத் தரப்பினரும் கொண்டிருந்த கணிப்பு.

இதன் கணக்கைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ 97 லட்சத்து 17 ஆயிரம். அதில் பாதியைக் காட்டிலும் மகிந்தவுக்கு அதிகமாக இருந்தவை சுமார் 28,600 வாக்குகள். அப்படியானால், வடக்கில் அறுபதாயிரத்துக்கும் குறைவானோர் கூடுதலாக வந்து அவரல்லாத எவருக்கேனும் வாக்களித்திருந்தாலே அவர் ஐம்பது விழுக்காட்டைத் தாண்டியிருக்க மாட்டார். அப்போது வாக்காளர்கள் இரண்டாம், மூன்றாம் விருப்பமாகக் குறித்த விருப்பு வாக்குகளை எண்ண வேண்டிய நிலை வந்திருக்கும். முடிவே மாறுவதற்கு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் வாக்குகள் வேண்டும். ஏழு லட்சம் வாக்காளர்கள் உள்ள மாவட்டத்தில் அதுவும் எட்ட முடியாத எண் அல்ல.

பத்து ஆண்டுகளுக்குப் பின் 2015இல் அதே மாவட்டத்தில் அளிக்கப்பட்ட வாக்குகளில் 74 விழுக்காடு சிறிசேனவுக்குச் சென்றது. போரின் முடிவுக்குப் பிறகு அந்த மக்கள் வாக்களிக்க முடிந்தது என்பதே 2005க்கும் 2015க்கும் இடையிலான பெரிய வேறுபாடு. வராத வாக்காளர்களைத் தேர்தல் முடிவுப் பட்டியல் ஒரு விழுக்காட்டு எண்ணாக மட்டுமே காட்டுகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் அச்சமும் இடம்பெயர்வும் இருந்தன என்பதை ஆய்வாளர்கள் எழுத மறக்கக் கூடாது.

---

தொடுவானம்

நான் இந்தத் துறையில் புதிதாகப் படிக்கத் தொடங்கியவன். ஒரு கேள்வி கேட்க அனுமதியுங்கள். வாக்குச் சிதறல்தான் சிக்கல் என்றால், இலங்கையைப் போல இரண்டாம் மூன்றாம் விருப்பங்களைக் குறிக்கும் முறை இருக்கும் நாட்டில் அந்தச் சிக்கல் எழவே கூடாதல்லவா? தனக்குப் பிடித்தவருக்கு முதல் விருப்பத்தையும், வெல்லக் கூடியவருக்கு இரண்டாம் விருப்பத்தையும் அளித்துவிடலாமே?

---

வடலி

நல்ல கேள்வி. விதி அப்படித்தான் இருக்கிறது. மக்கள் அதைப் பயன்படுத்திய விதம் வேறு.

இலங்கையில் வாக்காளர் 1, 2, 3 என்று மூன்று பேர் வரை குறிக்கலாம். ஒருவருக்கு மட்டும் புள்ளடி (X குறி) இட்டாலும் அது முதல் விருப்பாகவே ஏற்கப்படும். எவரும் ஐம்பது விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற அனைவரும் நீக்கப்பட்டு, நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் எஞ்சிய இருவருக்கு இரண்டாம் அல்லது மூன்றாம் விருப்பம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1982இல் முதல் ஜனாதிபதித் தேர்தல் நடந்ததிலிருந்து இந்த இரண்டாம் எண்ணிக்கைக்கு ஒருமுறையும் தேவை எழவில்லை. 2024 செப்டம்பரில்தான் அது முதன்முறையாக நடந்தது.

அந்த எண்ணிக்கையின் விவரம் மிகவும் கவனிக்கத் தக்கது. முதல் சுற்றில் அனுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காடு, சஜித் பிரேமதாச 32.76 விழுக்காடு, ரணில் விக்கிரமசிங்க 17.27 விழுக்காடு. நீக்கப்பட்ட வேட்பாளர்களின் சீட்டுகள் எல்லாம் சேர்த்து 33 லட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து அனுரவுக்கு 1,05,264 வாக்குகளும் சஜித்துக்கு 1,67,867 வாக்குகளும் கூடுதலாகக் கிடைத்தன. இரண்டையும் கூட்டினால் 2 லட்சத்து 73 ஆயிரம். அதாவது நீக்கப்பட்ட சீட்டுகளில் பன்னிரண்டில் ஒன்று மட்டுமே மீதமிருந்த இருவரில் ஒருவருக்குப் பயன்பட்டது. மற்றவை அந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே புள்ளடியோடு வாக்களித்துப் பழகிய மக்களுக்கு, இரண்டாம் விருப்பம் என்பது சட்டப் புத்தகத்தில் இருந்த வசதியாகவே இருந்துவிட்டது.

---

நெய்தல்

வடலி அவர்கள் தந்த எண்கள் என் கருத்துக்கு மேலும் வலுச் சேர்க்கின்றன. சஜித்தின் 43 லட்சத்து 63 ஆயிரத்தையும் ரணிலின் 23 லட்சத்தையும் கூட்டிப் பாருங்கள்: 66 லட்சத்து 62 ஆயிரம், அதாவது ஐம்பது விழுக்காட்டைச் சற்றுத் தாண்டிய எண். அனுர முதல் எண்ணிக்கையில் பெற்றவை 56 லட்சத்து 35 ஆயிரம். சஜித்தும் ரணிலும் 2020 வரை ஒரே கட்சியில் இருந்தவர்கள். 1987இன் கொரியாவை இதைவிடத் துல்லியமாக நினைவூட்டும் தேர்தல் வேறு இருக்க முடியாது.

இரு சுற்று முறையும் இதற்கு முழுமையான மருந்தல்ல என்பதற்குப் பிரான்சின் 2002ஆம் ஆண்டுத் தேர்தல் போதும். பதினாறு பேர் போட்டியிட்டார்கள். பிரதமராக இருந்த லியோனல் ஜோஸ்பன், ஷாக் சிராக்கோடு இரண்டாம் சுற்றில் மோதுவார் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. சிராக் 19.88 விழுக்காடும், தீவிர வலதுசாரியான ழான் மரி லெ பென் 16.86 விழுக்காடும், ஜோஸ்பன் 16.18 விழுக்காடும் பெற, மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட ஜோஸ்பன் இரண்டு லட்சத்துக்கும் குறைவான வாக்குகளில் வெளியேறினார். அவருடைய அமைச்சரவையில் இருந்து விலகிய ஷெவனெமான் 5.33 விழுக்காடு பெற்றிருந்தார். அவருடைய ஆட்சிக்குத் துணை நின்ற ஒரு சிறு கட்சியின் சார்பில் நின்ற கிறிஸ்டியான் தொபிரா 2.32 விழுக்காடு பெற்றிருந்தார். முதல் சுற்றில் மனத்துக்கு உகந்தவருக்கு அளிப்போம், இரண்டாம் சுற்றில் ஜோஸ்பனுக்கு அளிப்போம் என்று எண்ணிய இடதுசாரி வாக்காளருக்கு அந்த இரண்டாம் சுற்றே கிடைக்கவில்லை. சிராக் 82 விழுக்காட்டுடன் வென்றார். அந்த 82 விழுக்காட்டில் அவரை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தவர்கள் எத்தனை லட்சம் பேர் இருந்திருப்பார்கள்!

---

கணக்காயர்

நெய்தல் அவர்களே, சஜித், ரணில் வாக்குகளைக் கூட்டிப் பார்த்து முடிவு சொல்வதை நான் ஏற்க இயலாது. ரணிலுக்கு வாக்களித்தவர் சஜித்தை இரண்டாவதாக விரும்பினார் என்பதற்கு இரண்டாம் எண்ணிக்கை எந்த ஆதாரத்தையும் தரவில்லை. விருப்பத்தைக் குறிக்கும் வழி கையில் இருந்தும் குறிக்காதவரை, நாம் வெளியிலிருந்து ஒரு பக்கத்தில் கொண்டு சேர்ப்பது சரியல்ல. பழக்கமின்மை ஒரு காரணமாக இருக்கலாம். இருவரில் எவரும் வேண்டாம் என்ற மனநிலையும் சம அளவில் காரணமாக இருக்கலாம்.

இதே பிழையை 1992ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேர்தலிலும் பலர் செய்கிறார்கள். ரோஸ் பெரோ 18.9 விழுக்காடு பெற்றார், பில் கிளின்டன் 43 விழுக்காட்டில் வென்றார், ஆகவே பெரோ புஷ்ஷின் வாக்குகளைப் பறித்தார் என்று இன்றும் சொல்லப்படுகிறது. வாக்குச்சாவடி வாயிலில் அன்று எடுக்கப்பட்ட கணிப்புகள் காட்டியதோ, பெரோ இல்லாவிட்டால் அவருடைய வாக்காளர்கள் இருவருக்கும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்திருப்பார்கள் என்பதையே.

வாக்குச் சிதறல் முடிவை மாற்றிய தேர்தல்கள் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டு புளோரிடாவில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தம் எதிராளி அல் கோரைவிட 537 வாக்குகள் முன்னணி பெற்றார்; அமெரிக்காவில் மாநிலவாரியாகவே அதிபர் தேர்வாகிறார் என்பதால் அந்த மாநிலமே முடிவைத் தீர்மானித்தது. பசுமைக் கட்சியின் ரால்ப் நேடர் அந்த மாநிலத்தில் பெற்றவை 97,000க்கும் மேல். அங்கேகூட நான் முதலில் சுட்டுவது நேடரை அல்ல, பாம் பீச் மாவட்டத்தின் வாக்குச்சீட்டை. அந்தச் சீட்டில் பெயர்கள் இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சிடப்பட்டு, துளையிட வேண்டிய புள்ளிகள் நடுவில் ஒரே வரிசையாக இருந்தன. இடப்பக்கத்தில் புஷ் முதலாவது, அல் கோர் இரண்டாவது. நடு வரிசையில் இரண்டாவது துளையோ வலப்பக்கத்தில் இருந்த பாட் புக்கானனுக்கு உரியது. கோருக்கு உரியது மூன்றாவது. முதியவர்கள் படிக்க எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அமைக்கப்பட்ட சீட்டு அது. கோருக்கு ஆதரவு மிகுந்த அந்த மாவட்டத்தில் புக்கானனுக்கு 3,400 வாக்குகள் விழுந்தன. இரண்டு துளைகள் இடப்பட்டதால் 19,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் செல்லாதவை ஆயின. 537 வாக்குகளில் முடிவான தேர்தலில் இந்த இரண்டு எண்களையும் வைத்துப் பார்க்கும்போது, வேட்பாளரின் பேச்சுத் திறனைப் பற்றி விவாதிப்பதே பொருளற்றதாகத் தோன்றுகிறது. நாடு முழுவதும் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் முன்னணியில் இருந்தவர் கோர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

முல்லைவேலி

பணத்தைப் பற்றி எவரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாக ஒன்றைச் சேர்க்கிறேன். பணம் இல்லாமல் களத்தில் நிற்கவே முடியாது. ஆயினும் ஓர் அளவுக்கு மேல் அது வாக்காக மாறுவதில்லை. 2016இல் ஹிலாரி கிளின்டன் தரப்பு டொனால்ட் டிரம்ப் தரப்பைவிட அதிகம் செலவிட்டது. 2020இல் மைக்கேல் புளூம்பெர்க் தம் சொந்தப் பணத்தில் நூறு கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, கட்சி வேட்பாளர் தேர்வில் அமெரிக்க சமோவாவை மட்டுமே வென்றார். விதிகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கும் 2016 பொருந்தும்: மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 78,000க்கும் குறைவான வாக்குகள் முடிவைத் தீர்மானித்தன, நாடு முழுவதும் எதிராளியைவிட 28 லட்சத்துக்கும் அதிகமாக வாக்குப் பெற்ற ஹிலாரி தோற்றார்.

---

செங்காந்தள்

கணக்காயர் அவர்களிடம் ஒரு கேள்வி. பொருளாதாரமே பெருங்காரணம் என்றால் 2022 முதல் ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க 2024இல் 17 விழுக்காட்டில் நின்றதை எப்படி விளக்குவீர்கள்? 2022 செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. தேர்தல் நடந்த நேரத்தில் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே வந்திருந்தது. எரிபொருளுக்கு நாள் கணக்கில் நீண்ட வரிசைகள் மறைந்திருந்தன. பொருளாதாரத்தை வைத்துக் கணித்தால் அவர் எளிதில் வென்றிருக்க வேண்டும்.

---

கணக்காயர்

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுத வேண்டும், ஏனெனில் பொருளாதாரத்தை வைத்துத் தேர்தலைப் படிப்பவர்கள் தவறும் இடம் இதுவே.

பணவீக்கம் குறைந்தது என்றால் விலைகள் இறங்கின என்று பொருளில்லை. விலைகள் ஏறும் வேகம் நின்றது என்றே பொருள். ஓராண்டில் 70 விழுக்காடு ஏறிய விலை அந்த உயரத்திலேயே நிலைத்துவிட்டால், பணவீக்கம் சுழியம் என்று மத்திய வங்கி அறிவிக்கும். ஆனால் சம்பளம் அதே அளவுக்கு ஏறாத குடும்பத்துக்கு ஒவ்வொரு மாதமும் பற்றாக்குறையே. அத்துடன் 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி (VAT) 15 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. நாடு நிமிர்ந்ததற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதே வாக்காளரின் கேள்வியாக இருந்தது. நிபுணர் பார்ப்பது ஏறும் வேகத்தை. குடும்பத் தலைவி பார்ப்பது கையில் மிஞ்சும் பணத்தை.

அமெரிக்காவில் அதே ஆண்டு இதே நிலைதான். 2022 ஜூனில் 9.1 விழுக்காட்டைத் தொட்ட பணவீக்கம், 2024 நவம்பருக்குள் மூன்று விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. வேலையின்மையும் குறைவாகவே இருந்தது. ஆயினும் நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட விலைவாசி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தே நின்றது. ஜோ பைடன் ஜூலை 21இல் விலகிய பின் களமிறங்கிய கமலா ஹாரிசுக்கு 107 நாட்களே இருந்தன. அந்த நாட்களுக்குள் விலைவாசியின் பழியிலிருந்து அவரால் விலகி நிற்க முடியவில்லை. டிரம்ப் வென்ற 49.8க்கு 48.3 என்ற கணக்கு பெரிய வித்தியாசம் அல்ல. ஆனால் போட்டி நடந்த ஏழு மாநிலங்களும் ஒரே பக்கம் சாய்ந்தன.

ஆகவே என் விடை இது: மக்கள் பொருளாதாரத்தைப் பார்த்தே வாக்களித்தார்கள், நாம்தான் தவறான எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 2019இல் 3.16 விழுக்காடு பெற்ற அனுர ஐந்து ஆண்டுகளில் 42 விழுக்காட்டுக்கு ஏறியதற்கு, 2022இல் நாடு கடனைச் செலுத்த முடியாமல் நின்றதும், அதற்கு முன் மாறி மாறி ஆண்ட கட்சிகள் அனைத்தின் மீதும் மக்களுக்கு ஏற்பட்ட கோபமும் அன்றி வேறு விளக்கம் போதாது. அந்தக் கோபத்துக்கு உட்பட்ட இருவர் சேர்ந்து நின்றிருந்தால், நெய்தல் அவர்கள் கூட்டிய அந்த ஐம்பது விழுக்காடு அப்படியே நின்றிருக்குமா என்பதே என் ஐயம். ஒருவரை விரும்பாததாலேயே மற்றவருக்குச் சென்ற வாக்குகள் அதில் கணிசமாக இருந்திருக்கும்.

---

நெய்தல்

கடைசி வரியில் கணக்காயர் அவர்கள் வைத்த ஐயம் நியாயமானது, அதற்கு என்னால் தர முடிந்த பதில் இது. எதிர் வாக்குகள் தாமாகச் சேர்வதில்லை. அவற்றைச் சேர்க்கக் கூடிய ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் எவருக்கும் முதல் விருப்பமாக இல்லாமல், எல்லோராலும் சகித்துக்கொள்ளக் கூடியதாக இருந்தால் போதும். 2015இல் சிறிசேன அத்தகைய பெயராக இருந்தார். தேர்தலுக்கு ஏழு வாரங்களுக்கு முன்பு வரை மகிந்தவின் அமைச்சரவையில் சுகாதார அமைச்சராகவும் ஆளுங்கட்சியின் பொதுச் செயலாளராகவும் இருந்தவர். ஐக்கிய தேசியக் கட்சியின் வாக்காளருக்கும் தமிழ், முஸ்லிம் வாக்காளருக்கும் அவர் மீது தனிப்பற்று இருக்கக் காரணமில்லை. சிங்களக் கிராமப்புற வாக்காளர் அவரை அந்நியராகக் கருதவும் காரணமில்லை. ஆரவாரமற்ற அந்த மனிதரைத் தேர்ந்தெடுத்தவர்களின் கணக்கு மிக நுட்பமானது.

செங்காந்தள் சொல்லும் ஆளுமை இங்கேதான் உள்ளே வருகிறது என்று நினைக்கிறேன். கூட்டத்தைக் கவரும் ஆளுமையைவிட, எதிரியின் எதிரிகளைத் தயக்கமின்றி ஒன்று சேர விடும் ஆளுமையே வாக்கு எண்ணிக்கையில் பயன்படுகிறது. அல்க்மினை லூலா சேர்த்துக்கொண்டதும் அந்த வகையே.

---

செங்காந்தள்

அப்படிச் சொன்னால் நாம் நெருங்கி வருகிறோம். இதற்கு நைஜீரியாவை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. முகம்மது புகாரி 2003, 2007, 2011 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தோற்றவர். 2013இல் எதிர்க்கட்சிகள் பல ஒரே கட்சியாக இணைந்தன. 2015இல் அந்தக் கட்சியின் சார்பில் நின்ற புகாரி, பதவியில் இருந்த குட்லக் ஜொனாதனைத் தோற்கடித்தார். பதவியில் இருக்கும் அதிபர் ஒருவர் தேர்தலில் தோற்றது அந்நாட்டில் அதுவே முதல்முறை. போட்டியிட்டுப் பழகிய தலைவர்கள் தங்கள் கட்சிகளைக் கலைத்துவிட்டு ஒரே பெயருக்கு உடன்பட்டது எளிதில் நடந்திருக்காது.

எட்டு ஆண்டுகள் கழித்து அதற்கு நேர்மாறானது நடந்தது. 2019இல் அத்திக்கு அபூபக்கர் அதிபர் வேட்பாளராகவும் பீட்டர் ஒபி துணை அதிபர் வேட்பாளராகவும் ஒன்றாக நின்றார்கள். 2023இல் இருவரும் தனித்தனியே நின்று முறையே 29 விழுக்காடும் 25 விழுக்காடும் பெற்றார்கள். ஆளுங்கட்சியின் போலா தினுபு 36.6 விழுக்காட்டில் அதிபரானார்.

---

வடலி

நைஜீரியாவில் அதிக வாக்குப் பெற்றால் மட்டும் போதாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 25 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். ஒரு இனத்தின், ஒரு பிரதேசத்தின் வாக்கை மட்டும் நம்பி ஒருவர் நாட்டை ஆளக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்ட விதி அது. இலங்கையில் அத்தகைய விதி இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் குறைந்த வாக்குகளே பெற்ற கோட்டாபய ராஜபக்ச, மற்ற மாவட்டங்களின் பலத்தில் 2019இல் 52 விழுக்காட்டுடன் ஜனாதிபதியாக முடிந்தது. 2010இலும் 2015இலும் 2019இலும் தமிழ் மாவட்டங்களின் வாக்கு பெரும்பாலும் ஒரே திசையில்தான் சென்றது. 2015இல் மட்டுமே அது வென்ற பக்கத்தில் இருந்தது. அந்த மூன்று தேர்தல்களிலும் அங்கே வேட்பாளர்கள் என்ன வாக்குறுதி அளித்தார்கள், வாக்களிப்பு வீதம் எவ்வாறு மாறியது என்பதை மாவட்டவாரியாகத் தொகுத்து வருகிறேன். அட்டவணை முடிந்ததும் இதே இழையில் இடுகிறேன். கணக்காயர் அவர்கள் எண்களைச் சரிபார்த்துத் தந்தால் உதவியாக இருக்கும்.